பாறு "மிக அருகிய இனம்", வரையாடு "அருகிய இனம்", சிட்டுக்குருவிக்கு ஆபத்தே இல்லை: இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

கேள்வி: உடுமலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளிச் சூழல் மன்றத்து மாணவர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் அருகிவரும் உயிரினங்களைப் பற்றிச் சுவரில் ஒட்டுவதற்காக ஒரு பெரிய அட்டவணை தயாரித்தார்கள். பெயர், படம், எத்தனை எஞ்சியுள்ளன என்ற எண், ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அதன் நிலை என நான்கு கட்டங்கள். அட்டவணையை முடிக்கும் தறுவாயில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு என்னால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை.

2025ஆம் ஆண்டு தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் வரையாடுகள் மொத்தம் 2,668 என்று தெரியவந்தது. உலகில் வேறெங்கும் இயல்பான வாழிடத்தில் வரையாடு கிடையாது. ஆனாலும் அது "அருகிய இனம்" என்ற இரண்டாம் படியில்தான் இருக்கிறது. வெண்முதுகுப் பாறு (பிணந்தின்னிக் கழுகு) இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், கம்போடியா எனப் பல நாடுகளில் சில ஆயிரம் எஞ்சியிருக்க, அது "மிக அருகிய இனம்" என்ற முதற்படியில் இருக்கிறது. "அதிகமாக இருப்பதற்கு ஆபத்து அதிகம், குறைவாக இருப்பதற்கு ஆபத்து குறைவா டீச்சர்?" என்று அவள் கேட்டாள். உடனே மற்றொரு மாணவன், தன் தெருவில் அறவே காணாமல்போன சிட்டுக்குருவி ஏன் "கவலை குறைந்த இனம்" என்று போடப்பட்டிருக்கிறது என்று கேட்டான்.

எண்ணிக்கையைப் பார்த்து நிலையை முடிவு செய்கிறார்கள் என்றுதான் நானும் இதுவரை எண்ணியிருந்தேன். இந்த நிலைகளை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்கினால், அட்டவணையைத் திருத்தி ஒட்ட உதவியாக இருக்கும்.

மறுமொழி: இலைத்தாள்

வணக்கம் அம்மா. நான் தாவரவியல் ஆய்வாளன். மலைச்செடிகள் சிலவற்றுக்கான சிவப்புப் பட்டியல் மதிப்பீட்டில் பங்கெடுத்திருக்கிறேன். உங்கள் மாணவி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாள். ஓர் உயிரினம் எவ்வளவு அரிது என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு விரைவில் இல்லாமல் போகக்கூடும் என்பது வேறொரு கேள்வி. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

அரிது என்பதிலேயே பல வகை உண்டு. டெபோரா ராபினோவிட்ஸ் என்ற சூழலியலாளர் 1981இல் இதற்கு மூன்று கேள்விகளை வைத்தார். அந்த உயிரினம் பரவியுள்ள நிலப்பரப்பு பெரிதா சிறிதா? பலவகை வாழிடங்களில் வாழுமா, ஒரே வகையில்தான் வாழுமா? இருக்கும் இடத்தில் அடர்ந்து இருக்குமா, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்குமா? மூன்றுக்கும் இரண்டிரண்டு விடைகள் என்றால் எட்டுச் சேர்க்கைகள் வரும். அவற்றுள் ஒன்றுதான் சாதாரண உயிரினம். மற்ற ஏழும் ஏதோ ஒரு விதத்தில் அரியவை. நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டில் மலைச்சரிவைப் பார்த்தவர் எவரும் அதை அரிய செடி என்று சொல்லமாட்டார். ஆனால் தென்னிந்திய மலைமுகட்டுப் புல்வெளிகளைத் தாண்டி அது வாழ்வதில்லை. அதுவும் அரிது, வேறு வகையில் அரிது.

அழிவாய்ப்பைக் கணிப்பது சிவப்புப் பட்டியலின் வேலை. அந்தப் பட்டியல் 1964இல் தொடங்கியது. முதல் முப்பது ஆண்டுகள், துறை அறிந்தவர்களின் மதிப்பைப் பெரிதும் நம்பியே நிலைகள் குறிக்கப்பட்டன. ஒருவருக்கு அருகியது என்று பட்டது இன்னொருவருக்கு அப்படிப் படாது என்பதால், 1994இல் எண்வரம்புகள் கொண்ட விதிகள் வந்தன. 2001இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிகளே இன்றும் நடப்பில் உள்ளன. அவற்றில் ஐந்து அளவுகோல்கள் உண்டு. ஐந்தையும் போட்டுப் பார்க்க வேண்டும்; ஏதேனும் ஒன்றில் தேறினாலே போதும்; எதில் மிகக் கடுமையான நிலை வருகிறதோ அதுவே அந்த உயிரினத்தின் நிலை. உங்கள் புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது: பாறும் வரையாடும் வெவ்வேறு கதவு வழியாகப் பட்டியலுக்குள் வந்தவை.

முதல் அளவுகோல் வீழ்ச்சியின் வேகம். பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் மிக அருகிய இனம். 50 என்றால் அருகிய இனம். 30 என்றால் "அழிவாய்ப்பு இனம்" என்ற மூன்றாம் படி. இன்று எத்தனை உள்ளன என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 விழுக்காடு குறைந்தன. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கால்நடைகளுக்கு வலிநீக்கியாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2004இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. நூறு பிணங்களில் ஒன்றில்கூட மருந்து இருக்கத் தேவையில்லை, அதற்கும் குறைந்த விகிதமே அந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று கணித்தார்கள். பாறுகள் கூட்டமாக வந்து தின்பவை. ஒரு பிணம் ஒரு கூட்டத்தையே முடித்துவிடும்.

மூன்றாம், நான்காம் அளவுகோல்கள் எண்ணிக்கையைப் பார்க்கின்றன. இனப்பெருக்க வயதை எட்டியவை 2,500க்குக் குறைவாக இருந்து, தொடர்ந்து குறைந்தும் சிதறியும் வந்தால் அருகிய இனம். 250க்குக் குறைவாக இருந்து குறைந்துகொண்டும் வந்தாலோ, போக்கு எதுவாயினும் 50க்குக் குறைவாக இருந்தாலோதான் மிக அருகிய இனம். வரையாட்டின் மொத்தத் தொகையில் குட்டிகளையும் வளரும் பருவத்தவற்றையும் கழித்தால் எது எஞ்சும் என்று பாருங்கள். இரண்டாம் படி பொருத்தமாக வந்து நிற்கும். ஐந்தாவது அளவுகோல், கணினி மாதிரிகள் கொண்டு அழிவு நிகழும் வாய்ப்பை நேரடியாகக் கணிப்பது. அதற்கு வேண்டிய தரவு மிகச் சில உயிரினங்களுக்கே இருக்கிறது.

இரண்டாம் அளவுகோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செடிகளை மதிப்பிடும் எங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. செடிகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. எங்கள் கையில் இருப்பவை உலர்தாவரத் தாள்கள்: நூறு ஆண்டுகளுக்கு முன் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் தைத்து வைத்த ஒரு கிளை, ஓரத்தில் மங்கிய மையில் ஒரு குறிப்பு. "பழனி மலை, 6,000 அடி" என்று மட்டும் இருக்கும். பழனி மலையில் எந்தச் சரிவு, எந்த ஓடை? சேகரித்தவர் அந்த வாரம் எடுத்த மற்றத் தாள்களைத் தேடிப் பிடித்து, அவர் எந்த வழியாக நடந்திருப்பார் என்று ஊகித்து, அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இப்படி உறுதியான இடங்களை வரைபடத்தில் குறித்து, இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்களை அதன்மேல் விரித்து, செடி இருக்கும் கட்டங்களை எண்ணுகிறோம். ஒரு கட்டம் நான்கு சதுர கிலோமீட்டர். மொத்தம் 10 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் மிக அருகிய இனம், 500 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் அருகிய இனம் என்ற வரம்புகள் உண்டு. ஆனால் பரப்பு சிறிதாக இருப்பது மட்டும் போதாது. ஒரே பாறை உச்சியில் ஆயிரம் ஆண்டுகளாக யாதொரு தொல்லையும் இன்றி வாழும் செடி அரியது, ஆனால் ஆபத்தில் உள்ளது என்று சொல்லிவிட முடியாது. அதனால் வாழிடம் துண்டுபட்டிருத்தல் அல்லது மிகச் சில இடங்களிலேயே இருத்தல், தொடர்ந்து குறைந்து வருதல், பெரும் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றில் இரண்டேனும் இருந்தாக வேண்டும்.

இங்கு "இடம்" என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. ஒரே கேடு ஒரே வீச்சில் அழித்துவிடக்கூடிய பரப்பு முழுவதும் ஓர் இடம். ஐந்து ஓடைக்கரைகளில் ஒரு காசித்தும்பை வளர்கிறது, ஐந்தும் கட்டவிருக்கும் ஒரே அணையில் மூழ்கும் என்றால் அது ஐந்து இடங்கள் ஆகாது, ஓர் இடம்தான்.

குருவிக்கு வருகிறேன். சிவப்புப் பட்டியலில் பொதுவாக நாம் பார்ப்பது உலகளாவிய நிலை. சிட்டுக்குருவி ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை, அமெரிக்காக்கள் உட்படப் பரவிக் கிடக்கிறது. அதன் ஆயுள் சிறிது என்பதால் மூன்று தலைமுறைக்கான கால அளவு ஏறத்தாழ பத்து ஆண்டுகள்தான். மெல்ல நாற்பது ஆண்டுகளில் ஒரு தெருவைக் காலி செய்த வீழ்ச்சி இந்த அளவுகோலில் விழாது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020இல் வெளிவந்த அறிக்கை, நாடு முழுவதுமாகப் பார்த்தால் குருவி பெரிய மாற்றமின்றி இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் காட்டியது. ஆகவே அந்த மாணவன் கண்டதும் உண்மை, பட்டியலில் உள்ளதும் உண்மை. அவன் கண்டதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள், அந்த அறிக்கையே அப்படிப் பொதுமக்கள் பதிவு செய்த பறவைப் பட்டியல்களிலிருந்து உருவானதுதான்.

மறுமொழி: சீகூர் தடம்

ஐயா அளவுகோல்களைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த அளவுகோலில் போடும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை, கணக்கெடுப்புகளில் தன்னார்வலனாக நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அட்டவணையின் மூன்றாவது கட்டத்தில் 2,668 என்று ஒற்றை எண் நிற்கிறது. அது ஆடுகளை நிறுத்திவைத்து எண்ணிய எண்ணிக்கை அன்று.

வரையாட்டை எண்ணுவதற்கு இரட்டை நோக்கர் முறை என்று ஒன்று கையாளப்படுகிறது. ஒரே பாதையில் முதலில் ஒருவர் போவார்; சற்று நேரம் விட்டு இன்னொருவர் போவார்; ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. நான் போன நாளில் விடிந்து வெகுநேரம் வரை மூடுபனி விலகவில்லை. விலகியதும் எதிர்ச்சரிவில் ஒரு மந்தை தெரிந்தது. பாறையின் நிறமும் ஆட்டின் நிறமும் ஒன்று, அசைந்தால்தான் ஆடு. நான் இருபத்தொன்று குறித்தேன். எனக்குப் பின் வந்தவர் அதே மந்தையில் இருபத்தாறு குறித்திருந்தார். பாறை நிழலில் படுத்திருந்த பெட்டைகளை நான் தவறவிட்டிருக்கிறேன். எந்தெந்த மந்தையை இருவரும் கண்டோம், எதை ஒருவர் மட்டும் கண்டோம் என்று ஒப்பிட்டால், இருவருமே காணாமல் விட்டவை எத்தனை இருக்கலாம் என்று கணக்கிட வழி கிடைக்கிறது. எண்ணுவதில் பிழை வரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தப் பிழையையே அளந்துவிடும் முறை இது. எனக்கு இதில் பெரிய மதிப்பு உண்டு.

இதனால்தான் இரண்டு ஆண்டு எண்களை அருகருகே வைத்து அவசர முடிவுக்கு வரக் கூடாது. தமிழ்நாட்டில் 2024இல் 1,031 வரையாடுகள், 2025இல் 1,303. ஓராண்டில் இருநூற்று எழுபதுக்கு மேல் கூடிவிட்டன என்று படித்து நாம் மகிழ்கிறோம். ஆனால் கணக்கெடுத்த பரப்புத் துண்டுகளும் 140இலிருந்து 177ஆக உயர்ந்தன. உயர்வில் எவ்வளவு ஆட்டுக்குட்டிகளால் வந்தது, எவ்வளவு கூடுதல் கால்களால் வந்தது என்பதைப் பிரித்தறிய இன்னும் சில ஆண்டுகள் ஒரே முறையில் எண்ண வேண்டும். மதிப்பீட்டாளர்கள் ஓர் உயிரினத்தைக் கீழ்ப்படிக்கு இறக்க, குறைந்தது ஐந்து ஆண்டுகள் அது உயர்நிலைக்கான வரம்புக்குள் வராதிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான். ஏற்றுவதற்கு அந்தக் காத்திருப்புக் கிடையாது.

பாறு கதை வேறு. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் ஓடைக்கரை நீர்மருத மரங்களின் உச்சியில் கூடு கட்டுகின்றன. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆண்டுக்கு ஒரே முட்டை. கீழே நின்று பார்த்தால் கூடு எளிதில் தெரியாது. மரத்தடி இலைகள் சுண்ணாம்பு தெளித்ததுபோல் எச்சத்தால் வெளுத்திருந்தால், நிமிர்ந்து பார்க்க வேண்டிய மரம் அதுதான். இனப்பெருக்கம் செய்பவை எத்தனை என்பதற்குக் கூடுகளின் எண்ணிக்கையே மெய்யான சான்று. வானில் வட்டமிடும் பறவைகளை எண்ணினால், காலையில் முதுமலையில் கண்ட பறவையையே பிற்பகலில் பந்திப்பூரிலும் எண்ணிவிடும் ஆபத்து உண்டு. தமிழ்நாடு, கருநாடகம், கேரளம் மூன்றும் ஒரே நாட்களில் கணக்கெடுப்பதன் காரணம் அதுவே. 2023 டிசம்பர் இறுதியில் அப்படி எண்ணியபோது எல்லா வகைப் பாறுகளும் சேர்ந்து 320.

உடுமலை ஆசிரியை

இருவருக்கும் நன்றி. மாணவர்களிடம் படித்துக் காட்டினேன். ஒரு ஐயம் எழுந்தது. வீழ்ச்சியை மூன்று தலைமுறைக்குள் மட்டும் பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். பாறுகளின் பெருவீழ்ச்சி 1990களில் நடந்தது. ஆண்டுகள் போகப்போக அது அந்தக் கால அளவுக்கு வெளியே போய்விடுமே. அப்போது பாறுகள் ஒன்றுகூடப் பெருகாமலே கீழ்ப்படிக்கு இறங்கிவிடுமா?

மறுமொழி: இலைத்தாள்

முதல் அளவுகோலைப் பொறுத்தவரை, ஆம் அம்மா, இறங்கக்கூடும். பாறுக்கு மூன்று தலைமுறை என்பது சில பத்தாண்டுகள். அது கடந்தபின், குறைந்த எண்ணிக்கையிலேயே நிலைத்துவிட்ட பாறு அந்த அளவுகோலில் நலமாக இருப்பதாகத் தோன்றும். எண்ணிக்கை சார்ந்த மற்ற அளவுகோல்கள் அதைப் பட்டியலில் பிடித்து வைத்திருக்கலாம், ஆனால் அதே படியில் வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சிவப்புப் பட்டியல் அழிவாய்ப்பை மட்டுமே அளக்கிறது. முன்பு ஊர்தோறும் மாட்டுப் பிணத்தைச் சில மணிநேரத்தில் எலும்பாக்கிய ஒரு பறவை, இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்ற இழப்பு அதில் பதிவாவதில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் 2021இல் ஐ.யூ.சி.என். "பசுமை நிலை" என்ற மற்றொரு மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. மனிதர் செய்த சேதத்துக்கு முன் அந்த உயிரினம் எங்கெங்கே வாழ்ந்தது, அங்கெல்லாம் இன்று தன் சூழல் பணியைச் செய்யும் அளவுக்கு இருக்கிறதா என்று அது பார்க்கிறது. இதுவரை மிகச் சில உயிரினங்களுக்கே அது செய்யப்பட்டிருக்கிறது. என் கருத்தில் பாறுகளுக்கு அந்த இரண்டாம் எண் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை மதிப்பீட்டாளர்கள் இன்றைய வெறுமையையே இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

தலைமுறை அளவு நீளமாக இருந்தால் எதிர்மாறான நன்மை உண்டு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, மடிகிறது. 1994, 2006, 2018 என்று மூணாற்றில் பூத்ததை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். மூன்று தலைமுறை என்பது முப்பத்தாறு ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் புல்வெளி எவ்வளவு தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சீகை மரத்துக்கும் போனது என்ற வாழிட இழப்பைக் கொண்டு வீழ்ச்சியைக் கணித்து, குறிஞ்சிக்கு "அழிவாய்ப்பு இனம்" என்ற நிலை தரப்பட்டிருக்கிறது. ஒரு செடியையும் எண்ணாமல் முதல் அளவுகோலைப் பயன்படுத்த முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மறுமொழி: மலைநாட்டுத் தவளை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இந்த உரையாடலில் "மிக அருகிய இனம்" என்பதற்கும் அப்பால் உள்ள "அழிந்துவிட்டது" என்பது பற்றி எவரும் பேசவில்லை. எங்கள் நாட்டு அனுபவம் மாணவர்களுக்குப் பயன்படலாம்.

கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் இல்லாதபோதே ஓர் இனத்தை அழிந்ததாக அறிவிக்க வேண்டும் என்பது விதி. இல்லாததை நிறுவுவதுதான் இந்தத் துறையில் ஆகக் கடினமான வேலை. நூதனசாலைகளில் உள்ள பழைய மாதிரிகளைக் கொண்டு இனங்காணப்பட்ட புதர்த்தவளைகள் பலவற்றை, பிற்காலத் தேடல்களில் ஒருமுறைகூடக் காணாததால், இலங்கையில் அழிந்தவை என்று பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றுள் ஒன்று, கேலார்ட் 1853இல் நுவரெலியாவிலிருந்து விவரித்த சூடோபிலாட்டஸ் ஸ்டெல்லேட்டஸ். அந்தத் தவளை 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் உயிருடன் காணப்பட்டது. இப்போது அது மிக அருகிய இனம்.

இந்தத் தவளைகள் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவருபவை. தண்ணீரில் தலைப்பிரட்டையைத் தேடிப் பயனில்லை. மழைக்கால இரவில், முகில் மூடிய உயர்மலைக் காட்டில், இலைகளின் மேல் ஒவ்வொன்றாக விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு தேடல் எத்தனை நாள் நடந்தது என்பதைக் காட்டிலும், அந்த உயிரினம் வெளிப்படும் பருவத்தில், வெளிப்படும் வேளையில், அது இருக்கக்கூடிய இடத்தில் நடந்ததா என்பதே முக்கியம். அதனால்தான் ஐயத்துக்கு இடமுள்ள இனங்களை மிக அருகியவற்றுள் வைத்து, "ஒருவேளை அழிந்திருக்கலாம்" என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கிறார்கள். முந்திக்கொண்டு அழிந்ததென்று எழுதிவிட்டால், அது ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிக் காட்டுத்துண்டைக் காக்க வேண்டிய காரணமும் இல்லாமல் போய்விடுகிறது.

மறுமொழி: சீகூர் தடம்

மலைநாட்டு நண்பர் சொன்னதற்கு நம் பக்கத்து ஊரிலேயே ஒரு சான்று உண்டு. ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் தெலுங்கர்கள் கலிவி கோடி என்று அழைக்கும் ஜெர்டான் பறவை, 1900க்குப் பின் யாருக்கும் அகப்படாததால் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1986இல் பறவை பிடிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரின் உதவியோடு அது திரும்பக் கிடைத்தது. பின்னாளில் சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் அதன் முட்புதர்க் காட்டின் வழியே வெட்டப்பட இருந்தபோது, பறவை அங்கே இருக்கிறது என்ற பதிவு கையில் இருந்ததால்தான் கால்வாயின் போக்கை மாற்றக் கேட்க முடிந்தது, மாற்றவும் செய்தார்கள்.

இரவில் மட்டும் நடமாடும், கண்ணில் படாத அந்தப் பறவையை எப்படித் தேடினார்கள் என்பதை உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள் அம்மா. புதர்களுக்கிடையே உள்ள வெற்றுத்தரையில் சலித்த மண்ணைப் பட்டையாகப் பரப்பி, சமன் செய்துவிட்டு வந்துவிடுவார்கள். விடிந்ததும் போய்க் குனிந்து, அந்த மண்ணில் மூன்று விரல் தடம் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.